ஆத்தா செம்பும் தம்பி விஜேந்திரனும்

என் தம்பி விஜேந்திரன் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்துவிடுவான். லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே ரொட்டியைக் கடிப்பான்.

"ஒக்காந்து தின்னாத்தான்டா ஒடம்புல ஒட்டும்" என்று நான் சொல்வேன்.

"நடந்தா சீக்கிரம் எறங்கும்க்கா" என்பான்.

நாங்கள் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற ஒரு தோட்டத்து ஆட்கள். மேல் டிவிஷனில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். அதற்குப் பின்னால் தேயிலை மலை, அதற்கும் மேலே தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குத் தண்ணீர் போகிற பழைய குளம். மார்கழி தையில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்புக்குள் ஊசி ஏறும். காலையில் குளத்தின் மேல் பனி மூடியிருக்கும். கரை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. குளிக்க யாரும் அங்கே போக மாட்டார்கள். விஜேந்திரன் மட்டும் சின்ன வயதிலேயே அதில் குதித்துவிட்டு உதடு நீலம் பாரித்து வருவான். அடித்தும் பார்த்தோம், அழுதும் பார்த்தோம், கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து எடுக்கப் போனேன். அவன் பசறையில் ஓ லெவல் வரைக்கும் படித்தான். அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு புடவைக்கடை. துணியை மடித்து மடித்துப் பைத்தியம் பிடிக்கிறது என்று வந்துவிட்டான். மொனராகலையில் கரும்புக்குப் போனான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தான். பெரகலையில் ஒரு கராஜில் இருந்தான். முதலாளியோடு சண்டை. தயானியைக் கட்டிவைத்தால் ஒரு நிலைக்கு வருவான் என்று நினைத்தோம். கட்டிய கையோடு கொரியா பாஷை படிக்கிறேன் என்று பதுளைக்கு வகுப்புக்குப் போக ஆரம்பித்தான். முதல் பரீட்சையில் தோற்றான், இரண்டாவதில் பாஸ். தயானியை அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் பறந்துவிட்டான்.

அங்கே கடலுக்குள் கூடு கட்டிச் சிப்பி வளர்க்கிற பண்ணையில் வேலை. குளிர்ந்த கடல். படகில் நின்று கயிறு இழுக்கையில் விரல் மரத்துப்போகும், நசுங்கினால்கூடத் தெரியாது என்று சொல்வான். அந்தப் பண்ணை முதலாளிக்கு ஒரு தமையன் இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கயாக் என்கிற குறுகலான படகைத் தள்ளிக்கொண்டு பாறைகளுக்குப் பக்கம் போவார். கறுப்பு ரப்பர் சட்டை போட்டு, இடுப்பில் ஈயக்கட்டி கட்டி, காற்றுக் குழாய் எதுவும் இல்லாமல் வெறும் மூச்சோடு அடிக்குப் போய் ஈட்டியால் மீன் குத்துவார். படகைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று விஜேந்திரனைக் கூட்டிப் போனார். கொஞ்ச நாளில் இவனும் குதிக்க ஆரம்பித்தான்.

போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு எனக்கு விளக்குவான்.

"மூச்ச அடக்குறதுன்னா என்னடா, மூக்கப் பொத்திக்குவியா?" என்று கேட்டேன்.

"அடக்குறது இல்லக்கா, மறந்துர்றது. மூச்சுன்னு ஒன்னு இருக்குன்னே மறந்துட்டா அது தொந்தரவு பண்ணாது. கீழ போயி கல்லோட கல்லா கெடக்கணும். அசையக் கூடாது. மீனு அதுவா பக்கத்துல வரும். ரப்பர இழுத்து விட்டா ஈட்டி போயிக் குத்தும்."

"அசையாம நீ கெடப்பியா?"

"தண்ணிக்குள்ள கெடப்பேன்க்கா. நெசமா."

எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவனையும் ஓர் இடத்தில் நிறுத்தி வைக்க மாரியாத்தா ஒரு வழி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பத்திரமாக வந்து சேர்ந்தால் மாசித் திருவிழாவில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று அன்றைக்கே மாரியம்மனுக்கு நேர்ந்தேன். கடைசி வருஷத்தில் அவன் அந்தப் படகைப் பற்றிப் பேசவே இல்லை. வேலை கூடியிருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

ஐந்து வருஷம் முடியப் போகிற சமயத்தில் வந்தான். கொஞ்ச மாதம் இங்கே இருந்துவிட்டு அதே முதலாளியிடம் திரும்பிப் போக வேண்டும். இந்தத் தடவை கயிறு இழுக்கிற வேலை இல்லை, கூடுகளுக்கு அடியில் முங்கிச் சுத்தம் செய்கிற வேலை, சம்பளமும் கூட என்று தயானி லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. புது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் சுவர் எழும்பி நிற்கிறது. மேலே தகரம்கூட இல்லை. மழை பெய்தால் சுவரைச் சாக்கால் மூடிக்கொண்டு நிற்பாள்.

"இன்னொரு தடவ போயிட்டு வந்துட்டாருன்னா கூரய போட்டுரலாம் மதினி" என்பாள். விஜேந்திரன் அப்போது வாசலில் நடந்துகொண்டிருப்பான்.

வந்ததிலிருந்து முன்னைவிட மோசம். இரவில் எத்தனையோ தடவை எழுந்து உட்காருகிறான் என்று தயானி சொன்னாள். பதுளைக்குப் பஸ் ஏறிப் போவான். எதற்கு என்று கேட்டால், சும்மா ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பான். ஒருநாள் மபாஸின் மீன் லொறி எங்கள் பாதையில் ஏறி வந்தது. மபாஸ் பசறைக்காரர். பொத்துவில் கடற்கரையிலிருந்து மொனராகலை வழியாக மீன் கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக விற்பவர். லொறிக்கு மேலே சிவப்பாக, நீளமாக ஒன்று கயிற்றால் கட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன கயாக். ஒரு ஹோட்டலில் கழித்துப் போட்டதை விஜேந்திரன் சொல்லி வாங்கி வரச் செய்திருக்கிறான்.

"மச்சான், மலையில கப்பல் விட்ட மொத ஆள் நீதான்" என்று மபாஸ் சிரித்தார். "வழி நெடுக ஆமிக்காரன்ல இருந்து பொலிஸ் வரைக்கும் நிப்பாட்டி இது என்னன்னு கேக்குறான். ஒருத்தன்கிட்ட சவப்பெட்டின்டு சொல்லிட்டேன், உடனே விட்டுட்டான்."

எங்கள் பெண்கள் அதற்கு மிளகாய்ப்பழம் என்று பெயர் வைத்தார்கள். நாலு பேர் தோளில் தூக்கிக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டோர் பட்டறையில் கம்பி வளைத்து, சைக்கிள் கம்பியால் மூன்று முனை வைத்து ஓர் ஈட்டி செய்துகொண்டான். த்ரீவீலர் டியூபை வெட்டி ரப்பர் போட்டான். கடலில் இப்படி ஈட்டி போடுவது நம் நாட்டில் தடையாம். அதனால்தான் குளத்தில் செய்கிறேன் என்றான். கறுப்பு ரப்பர் சட்டையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஈட்டியோடு காலையில் லயத்தைத் தாண்டிப் போவான். "கறுப்பண்ணசாமி வேட்டைக்குப் போறாரு, வழிய விடுங்கடி" என்று கொழுந்துக் கூடையோடு நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

திலாப்பியா குத்திக்கொண்டு வருவான். வீடு வீடாகக் கொடுப்பான். அவனுக்கு மட்டும் வேண்டாம். மீன் கிடைத்த நாளிலும் முகம் தெளியாது. ஒருநாள் நான் விறகுக்குப் போனபோது கரையிலிருந்து பார்த்தேன். ஈட்டி படகிலேயே கிடந்தது. அவன் வெறும் கையோடு முங்குகிறான், வருகிறான், படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான், மறுபடியும் முங்குகிறான். மீன் பிடிக்கிற ஆள்போலத் தெரியவில்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன்போல இருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்து, கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நேர்ந்தபடி விஜேந்திரனும் கையை நீட்டினான். பூசாரி ரெங்கசாமி அண்ணன் மஞ்சள் கிழங்கு முடிந்த நூலை அவன் மணிக்கட்டில் கட்டினார். எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. காப்புக் கட்டியவர் அதை அறுக்கும் வரைக்கும் கவிச்சி தொடக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கடைசி நாள் ஆத்தாவின் கரகத்தைத் தண்ணீரில் வழியனுப்ப வேண்டும். பூவும் வேப்பிலையும் தண்ணீரோடு போகும். வெறும் செம்பு கோயிலுக்குத் திரும்பும். அந்தச் செம்பை அம்மன் முன்னால் வைத்த பிறகுதான் காப்பு அறுப்பார்கள்.

காப்புக் கட்டியபின்தான் டிக்கெட் வந்தது. கரகம் அனுப்புகிற அன்று சாயங்காலமே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

"காலையில செம்பு வந்துரும், மத்தியானம் அறுத்துரலாம், சாயந்தரம் நீ போயிரலாம். ஆத்தா கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கா" என்றார் ரெங்கசாமி அண்ணன். அவர் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்காரர். திருவிழா வந்தால் பூசாரி. எதற்கும் பதறாதவர்.

அந்த வருஷம் மழை முன்னமே நின்றுவிட்டது. குளத்தின் ஓரமெல்லாம் முழங்கால் அளவு சேறு. வழக்கமாகக் கரகம் விடுகிற படிக்கட்டுப் பக்கம் தண்ணீரே இல்லை. சேற்றில் ஆத்தாவை விடுவதா என்று எல்லோரும் முழித்தபோது வாலிபப் பிள்ளைகள்தான் சொன்னார்கள், மிளகாய்ப்பழத்தில் நடுக்குளத்துக்குக் கொண்டுபோகலாம் என்று. போனைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்க அவர்களுக்கு அவசரம். ரெங்கசாமி அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

படகுக்கு மஞ்சள் தெளித்து, வேப்பிலை கட்டினோம். முன்னால் ரெங்கசாமி அண்ணன் மடியில் கரகத்தோடு, பின்னால் துடுப்போடு விஜேந்திரன். தப்பும் உருமியும் கரையில் அதிர்ந்தன. பெண்கள் குலவை போட்டோம். பனிக்குள் அந்தச் சிவப்புப் படகு போவதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. மதியச் சாப்பாட்டுக்கும் விஜேந்திரனை ஏற்றிப் போகவும் வேனோடு வந்திருந்த மபாஸ்கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக நின்றார்.

நடுக்குளத்தில் படகு நின்றது. ரெங்கசாமி அண்ணன் எழுந்து நின்றார்.

"அண்ணே, ஒக்காருங்க! ஒக்காந்துகிட்டே விடுங்க!" என்று விஜேந்திரன் கத்தினது கரைக்குக் கேட்டது.

அவர் எப்படி உட்காருவார்? ஆத்தாவை உட்கார்ந்துகொண்டு வழியனுப்பிய பூசாரி எங்கள் தோட்டத்தில் இருந்ததில்லை. கிழக்கே திரும்பி, கரகத்தைத் தலைக்கு மேலே தூக்கினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான். சிவப்பு வயிற்றைக் காட்டிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தது. தப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

விஜேந்திரன் அவரை வேட்டியோடு இழுத்துப் படகின் மேல் போட்டான். பிள்ளைகள் கயிறு வீசி இழுத்தார்கள். அண்ணன் நடுங்கிக்கொண்டே கரையேறினார். கையில் ஒரு வேப்பிலைக் கொத்து மட்டும் இருந்தது. பூக்கள் தண்ணீரில் மிதந்தன. செம்பு இல்லை.

"போச்சு" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் கையிலும் காப்பு இருந்தது. ஆனால் நான் விஜேந்திரன் கையைத்தான் பார்த்தேன். தயானியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு வராவிட்டால் காப்பு அறுப்பு இல்லை, காப்பு அறுக்காவிட்டால் பயணம் இல்லை. இன்றைக்குப் போகாவிட்டால் அந்த முதலாளி வேறு ஆளை எடுத்துக்கொள்வார் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"பயப்படாதீங்க மதினி, இவரு எடுத்துருவாரு" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். கட்டிப் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து ரப்பர் சட்டையையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

விஜேந்திரன் மாட்டினான். காப்பில் இருந்த மஞ்சள் கிழங்கு சட்டைக் கைக்குள் போகவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஈட்டியையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். நடுக்குளத்தில் படகின் மேல் கொஞ்ச நேரம் அசையாமல் குப்புறக் கிடந்தான். பிறகு தலைகீழாக இறங்கினான். கால் ஒரு தடவை தண்ணீரை அடித்தது. பிறகு வட்டம் வட்டமாக அலை மட்டும்.

அவன் முங்கியிருக்கிற நேரத்தில் கரையில் நிற்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "ஆத்தா, செம்பக் கண்ணுல காட்டிரு" என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன். தலை வெளியே வந்தது. படகைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமல் கையை ஆட்டினான். இல்லை.

மறுபடியும் போனான். இல்லை. படகை இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் கழுத்தை நீட்டுவோம், அவன் கையை ஆட்டுவான். பனி விலகி வெயில் வந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோலத் தெளிந்தது. சமைத்து வைத்த சோறு கோயிலில் ஆறியது.

"அடில ஒரே சேறா இருக்குமோ?" என்றாள் தயானி. அவள் தன் காலையே ஓர் இடத்தில் வைக்க முடியாமல் நின்றாள்.

"மீனக் குத்துற ஆளுக்கு இவ்வளவு பெரிய செம்பு தெரியாதா?" என்றார் மபாஸ். "நேத்து சம்பலுக்குப் போட்ட மொளகாகூட இவன் கண்ணுக்குத் தெரியும்."

"வாய மூடுங்க நாநா" என்று தயானி சொன்னாள். பிறகு அழுதுவிட்டாள்.

வெயில் மேற்கே சாய ஆரம்பித்தது. மபாஸ் வேனைத் திருப்பி நிறுத்தினார். ரெங்கசாமி அண்ணன் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"விஜேந்திரா, கரைக்கு வாடா" என்று கூப்பிட்டார்.

அவன் வந்தான். உதடு கறுத்து, பல் தந்தியடித்தது.

"தப்பு என் மேல. நான்தான் எந்திரிச்சேன். ஒம் பொழப்புக் கெடக் கூடாது. தண்டம் நான் கட்டிக்கிறேன், ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். கைய நீட்டு, அறுத்து விடுறேன். நீ போ. செம்ப நாங்க பெறகு தேடிக்கிறோம்."

தயானி கையெடுத்துக் கும்பிட்டாள். கூட்டத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. "ஆமாங்க, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று நாலு பக்கமும் சொன்னார்கள். ரெங்கசாமி அண்ணன் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார்.

விஜேந்திரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாம்ண்ணே. செம்பு வராம அறுக்கக் கூடாது."

"நானே சொல்றேன்டா."

"யாரு சொன்னாலும் கூடாது."

சின்ன வயதிலிருந்து கோயிலுக்குள் நிற்கச் சொன்னால் தூணைச் சுற்றி ஓடுகிற பிள்ளை அவன். போன வாரம்கூடக் காப்புக் கையோடு பீடி பற்றவைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது பூசாரிக்கே முறை சொல்கிறான். அவன் முகத்தைப் பார்த்தேன். குளிர் நடுக்கம் மட்டும் இல்லை அது.

"கொஞ்சம் சாயத்தண்ணி குடிச்சிட்டு எறங்கட்டும், எல்லாம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவனைப் படகுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் சிந்தியது.

"விஜி, எனக்கு மட்டும் சொல்லு. செம்பு எங்கடா?"

நடுக்குளத்தை முகத்தால் காட்டினான்.

"இருக்குக்கா. மொதத் தடவையே கண்டுட்டேன். ஒரு டர்பன்டைன் மரத்து அடிக்கட்ட இருக்கு, அதுல ஒக்காந்த மாதிரி நேரா நிக்குது. ஒரு சொட்டுச் சேறு இல்ல."

"பெறகு ஏன்டா...?"

"எடுத்தா போகணும்."

அதற்குப் பிறகு அவன் தானாகச் சொன்னான். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மீனொன்றைக் குத்தினானாம். அது ஈட்டியோடு பாசிக் காட்டுக்குள் ஓடியது. விடாமல் போயிருக்கிறான். கயிறு காலில் சுற்றிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், அறுத்துப் பார்த்தான், வரவில்லை. பிறகு ஒன்றும் தெரியாது. முதலாளியின் தமையன் கன்னத்தில் அறைந்து அறைந்து எழுப்பும்போது படகில் கிடந்தானாம். வாயில் ரத்தம் இருந்ததாம்.

"அன்னைக்கில இருந்து உப்புத் தண்ணி முகத்துல பட்டாலே நெஞ்சு பூட்டிக்கிதுக்கா. மூச்ச மறக்க முடியல. அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இங்க வந்து டெய்லி முங்கிப் பாத்தேன், போயிருச்சான்னு. கொளத்துல வரல. அங்க போனா வரும். எனக்குத் தெரியும். இனிமே அங்க எனக்கு முங்குற வேலைதான். தயானிகிட்ட எப்புடிச் சொல்ல? புது வீட்டுக் கூரயவே நெனச்சுக்கிட்டுத் தூங்குறா அவ."

சும்மா இருந்துவிட்டால் இருட்டிவிடும், வேன் போய்விடும், தம்பி உயிரோடு என் கண்முன் இருப்பான். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஆத்தா அந்தக் கட்டையில் குளிரில் நிற்கிறாள். தாய்க்குத் தெரியாதா, பிள்ளை தன் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான் என்று?

"ஆத்தாள அங்க நிக்க வச்சிட்டு நீ தப்பிக்க வேணாம்டா. அவ ஒன்னய உசுரோட கொண்டாந்து விட்டவ" என்றேன். "போய் எடுத்துட்டு வா. போக முடியாதுன்னா வாயத் தொறந்து சொல்லு. யாரு ஒன்னயத் தூக்கி வேன்ல போடப் போறா?"

"அப்ப கூரய என்னக்கா செய்ய?"

"கூர எனக்குத் தெரியாது. நீ சொல்லு மொதல்ல."

கோப்பையை என்னிடம் கொடுத்தான். படகைத் தள்ளினான். இந்தத் தடவை படகில் படுத்து நேரம் போக்கவில்லை. போனதும் இறங்கினான். நான் நூறு தடவை ஆத்தாளைக் கூப்பிட்டிருப்பேன். வெகுநேரம் ஆகிவிட்டதுபோல இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ, இன்றைக்குப் பார்த்து அந்த நெஞ்சுப் பூட்டு வந்துவிட்டதோ என்று சேற்றில் இறங்கிவிட்டேன். முழங்கால் வரைக்கும் போய்விட்டது.

முதலில் ஈட்டிதான் வெளியே வந்தது. அதன் முனையில் செம்பின் கழுத்து மாட்டியிருந்தது. பிறகு அவன் தலை.

குலவைச் சத்தத்தில் மலை எதிரொலித்தது. உருமிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தார். தயானி தண்ணீருக்குள் ஓடிப்போய்ச் செம்பை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மபாஸ் வேனின் ஹோர்னை அடித்தார்.

"தயானி" என்றான் விஜேந்திரன். "நான் போகல."

"நேரம் இருக்கு. இப்பவே காப்ப அறுத்துட்டா..."

"நேரம் இருக்கு. நான் போகல. அந்தத் தண்ணி எனக்குப் பயமா இருக்கு. செத்துப் பொழச்சு வந்தேன், ஒங்கிட்டச் சொல்லல. இந்தச் செம்பையும் காலையிலயே கண்டுட்டேன்."

உருமி நின்றுவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் ஓர் ஆம்பளை பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ரெங்கசாமி அண்ணன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தயானி அவனைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள்.

"இதச் சொல்றதுக்கா காலையில இருந்து தண்ணிக்குள்ள இருந்த?" என்றாள்.

"ஆமா."

"என்கிட்டச் சொல்றத விட அது லேசா இருந்துச்சா?"

அவள் செம்பை ரெங்கசாமி அண்ணனிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலில் செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி அம்மன் காலடியில் வைத்தார்கள். ரெங்கசாமி அண்ணன் விஜேந்திரனை முதலில் கூப்பிட்டார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நான் பயந்தேன். கத்தியால் நூலை அறுத்து, திருநீறு பூசி, "இனிமேலாச்சும் கூப்புட்ட ஒடனே மேல வாடா" என்று மட்டும் சொன்னார். அவன் அம்மன் முன்னால் நெடுநேரம் நின்றான். கால் மாற்றாமல் நின்றான் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் மாற்றி மாற்றித்தான் நின்றான். ஈரச் சட்டையோடு குளிர் அவனை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிறகு போனை வாங்கிக்கொண்டு தேர்க் கொட்டகைப் பக்கம் போனான். கொரியா முதலாளியோடு பேசினான். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. பேசிக்கொண்டே, எதிரில் ஒருவரும் இல்லாத வெட்டவெளியைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடியும் குனிந்தான். போனில் அந்தப் பக்கம் உரத்த சத்தம் கேட்டது. அதற்கும் குனிந்தான்.

"என்ன மதினி, யாரக் கும்புடுறாரு?" என்று மபாஸ் தயானியிடம் கேட்டார். "நான் வேன எடுக்கவா, நிறுத்தவா? ஒரு முடிவச் சொல்லுங்க."

தயானி கொட்டகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்க அப்புடித்தான் மன்னிப்புக் கேப்பாங்களாம்" என்றாள். "இவ்வளவு நாள்ல இவரு என்கிட்ட ஒரு தடவ தல குனிஞ்சதில்ல."

அவன் இன்னும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். நடுக்கத்தில் போன் காதில் நிற்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தயானி வேனின் பின்கதவைத் திறந்தாள்.

"பெட்டிய எறக்குங்க நாநா" என்றாள். "அதுல அவரு சுவெட்டர் இருக்கு."